பேரேட்டில் ஏறாத செலவு: எண்ணெய்ப் பத்திரங்களின் 20 வருஷக் கணக்கு

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், இரண்டாம் கட்டு ஒழுகும் ஒரு பெரிய வீட்டின் கணக்கைப் பார்க்கப் போன இடத்தில்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. காரைக்குடியில் வருமான வரிக் கணக்கு, தணிக்கைக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்த வீடு 14 புள்ளிக்குச் சொந்தம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், வழக்கத்தில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயிலுக்குக் கட்டும் வரியும் புள்ளிக் கணக்கில்தான். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும், யார் எவ்வளவு போடுவது என்று பிரித்துக் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

என் தாத்தா அந்த வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வீட்டை இப்போது பார்த்துக்கொள்ளும் ஆச்சி, "உங்க தாத்தா எழுத்து இருக்கு தம்பி, பாருங்க" என்று இரும்புப் பெட்டியிலிருந்து நாலைந்து பேரேடுகளை எடுத்து வைத்தார். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், அப்புறம் இடைவெளி இல்லாமல் பற்றும் வரவும். 1950-களின் கணக்கு. ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. செலவுப் பக்கத்தில் "ஓடு மாற்ற வைப்பு" என்று ஒரு சிறு தொகை. அடுத்த வருஷமும் அதே வரி, அதற்கடுத்த வருஷமும் அதே வரி. அந்த வருஷங்களில் ஓடு மாற்றவே இல்லை. ஆனால் ஓடு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் தேய்கிறது, அதனால் அந்தத் தேய்மானத்துக்கான பணம் அந்தந்த வருஷச் செலவு. தாத்தா அப்படித்தான் எழுதியிருக்கிறார். 1970-களுக்குப் பிந்தைய கணக்கில் அந்த வரி இல்லை. பங்காளிகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு யாரோ ஒருவர் "இந்த வருஷம் வேண்டாமே" என்றிருப்பார்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, ரொம்ப நாளாக எடுத்து வைத்திருந்த மத்திய பட்ஜெட் தாள்களைப் பிரித்தேன். குறைந்த விலைக்கு விற்ற எண்ணெய் நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதிலாக அரசு எழுதிக் கொடுத்த கடன் தாள்கள்தான் எண்ணெய்ப் பத்திரங்கள். அவற்றின் கதையை முழுசாக ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. 2005-ல் தொடங்கி 2026 மார்ச்சில் முடியும் கணக்கு அது. நாட்டின் நீண்ட நாள் நிதி நலனுக்கு எம்.பி.க்கள் எவ்வளவு பொறுப்பு என்று யாராவது கேட்டால், நான் இந்த ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

நடந்தது என்ன

2002 ஏப்ரலில், பெட்ரோல், டீசல் விலையை அரசே நிர்ணயிக்கும் பழைய முறை காகிதத்தில் முடிந்தது. அதுவரை சேர்ந்திருந்த பாக்கியைத் தீர்க்க வாஜ்பாய் அரசு சுமார் 9,000 கோடி ரூபாய்க்குப் பத்திரம் கொடுத்தது. அந்த வழி அப்போதே திறந்துவிட்டது.

2004-க்குப் பிறகு கச்சா எண்ணெய் விலை ஏற ஆரம்பித்தது. 2008 ஜூலையில் ஒரு பேரல் 147 டாலரைத் தொட்டது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு நான்கையும் வாங்கும் விலைக்குக் கீழே விற்கச் சொன்னது அரசு. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றுக்கும் நஷ்டம். 2008-09 என்ற ஒரே ஆண்டில் அந்த நஷ்டம் 1,03,292 கோடி. அதில் 32,000 கோடியை ஓ.என்.ஜி.சி. போன்ற எண்ணெய் எடுக்கும் நிறுவனங்கள் தாங்கின. மீதி 71,292 கோடியை அரசு ஈடுகட்ட வேண்டும்.

அரசு பணமாகக் கொடுக்கவில்லை. பத்திரமாகக் கொடுத்தது. "இந்தத் தொகையை இன்ன வருஷம் தருகிறேன், அதுவரை வருஷத்துக்கு இவ்வளவு வட்டி" என்று எழுதிய தாள். 2005-06 முதல் 2009-10 வரை இப்படிக் கொடுத்தது சுமார் 1.4 லட்சம் கோடி. உரத்துக்கும் உணவுக் கழகத்துக்கும்கூட இதே மாதிரி பத்திரங்கள் போயின. எண்ணெய்தான் பெரிசு.

பணமாகக் கொடுத்தால் அது அந்த வருஷ மானியச் செலவு. வருவாய்ப் பற்றாக்குறையிலும் (அன்றாட வரவை மிஞ்சிய அன்றாடச் செலவு) நிதிப் பற்றாக்குறையிலும் (அந்த வருஷம் கடன் வாங்கிச் சமாளிக்க வேண்டிய தொகை) ஏறிவிடும். பத்திரமாகக் கொடுத்தால் கையிலிருந்து பணம் போகவில்லை, வெளியிலிருந்து பணம் வரவும் இல்லை. அதனால் பற்றாக்குறைக் கணக்கில் அது ஏறாது. பட்ஜெட் ஆவணங்களின் இணைப்புகளில் பட்டியல் இருக்கும், தேடுகிறவர் கண்ணில் படும். ஆனால் டி.வி.யில் வரும் அந்த ஒற்றை எண்ணில் இருக்காது. 2007-08-ன் நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் என்று பதிவானபோது பத்திரிகைகள் பாராட்டின. அந்த 2.5-க்குள் எண்ணெய்ப் பத்திரம் கிடையாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது நிதி அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் எங்கள் சிவகங்கைத் தொகுதியின் எம்.பி. 2004-லும் 2009-லும் இந்தத் தொகுதியில்தான் வென்றார். 2008 பிப்ரவரி பட்ஜெட் உரையில் அவரே, எண்ணெய், உணவு, உரப் பத்திரங்களால் அரசுக்கு உள்ள பெரும் பொறுப்புகள் கணக்கின் கோட்டுக்குக் கீழே, அதாவது பற்றாக்குறை எண்ணில் சேராமல், இருக்கின்றன என்பதை ஒப்புக்கொண்டார், அவற்றை நிதிக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும் என்றார். அமைச்சர் மறைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். சபையிலேயே சொன்னார். சொன்ன பிறகு வந்த ஆண்டில்தான் பத்திரங்கள் மலைபோல் ஏறின. அந்த உரையைக் கேட்ட அத்தனை எம்.பி.க்களும் அடுத்த நாள் என்ன கேட்டார்கள் என்பதுதான் என் கவலை.

தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்ட சட்டம்

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 2000 டிசம்பரில் யஷ்வந்த் சின்கா நிதி அமைச்சராக இருந்தபோது ஒரு மசோதா வந்தது. 2003-ல் நிறைவேறி, 2004 ஜூலை 5 முதல் அமலுக்கு வந்தது. நிதிப் பொறுப்பு மற்றும் வரவு செலவு மேலாண்மைச் சட்டம் என்று பெயர். 2009 மார்ச்சுக்குள் வருவாய்ப் பற்றாக்குறையைப் பூஜ்யமாக்க வேண்டும், நிதிப் பற்றாக்குறையை 3 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 2006 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி அரசின் பத்திரத்தை நேராக வாங்கக் கூடாது.

இந்தச் சட்டத்துக்கு வேர் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. 292-ஆம் பிரிவு, மத்திய அரசு கடன் வாங்கலாம், நாடாளுமன்றம் சட்டத்தால் வரம்பு வைத்தால் அந்த வரம்புக்குள் வாங்கலாம் என்கிறது. வரம்பு வைப்பது நாடாளுமன்றத்தின் விருப்பம். 50 வருஷத்துக்கு மேல் வைக்காமல் இருந்துவிட்டு, 2003-ல்தான் அதற்குப் பக்கத்தில் வந்தார்கள். நல்ல காரியம். மனசாரச் சொல்கிறேன், சுதந்திர இந்தியாவின் நிதி வரலாற்றில் எம்.பி.க்கள் எடுத்த மிகப் பொறுப்பான முடிவுகளில் அது ஒன்று.

ஆனால் இலக்கைத் தவறவிட்டால் என்ன? சட்டத்தில் ஒரே ஒரு விளைவுதான் உண்டு. ஏன் தவறியது என்று இரு அவைகளிலும் விளக்கம் தர வேண்டும். வேறு எதுவும் இல்லை. அது போதும் என்று நினைத்தவர்கள் சபையில் யாராவது எழுந்து அந்த விளக்கத்தைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்று நம்பியிருக்க வேண்டும்.

அந்த எண்ணும் இலக்கும் வந்ததால்தான் பத்திரத்தின் மேல் ஆசை வந்தது என்று நான் நினைக்கிறேன். முன்பு பற்றாக்குறை 5, 6 என்று இருந்தாலும் அது ஒரு செய்தி மட்டும். சட்டத்தில் 3 என்று எழுதிய பிறகு அந்த 3 ஒரு மார்க் ஷீட் மாதிரி ஆகிவிட்டது. மார்க்கைக் காப்பாற்றச் செலவைக் குறைப்பது கஷ்டம், செலவை வேறு தாளில் எழுதுவது சுலபம். எங்கள் ஆபீசுக்கு வரும் சில வியாபாரிகள் வங்கிக் கடன் கேட்கும்முன் ஒரு பில்லை ஏப்ரலுக்குத் தள்ளச் சொல்வார்கள். அதே புத்திதான். அளவு மட்டும் வேறு.

தெருவில் இறங்கியவர்கள்

2008 ஜூன் தொடக்கத்தில் அரசு பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 3 ரூபாய், சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றியது. நாடு முழுக்கப் போராட்டம். எதிர்க்கட்சிகளும் இறங்கின, அரசை வெளியிலிருந்து தாங்கிய இடதுசாரிகளும் இறங்கினார்கள். எங்கள் ஊரிலும் கடை அடைப்பு, கொடி, கோஷம். விலையேற்றத்தை எதிர்ப்பது அவர்கள் உரிமை, பலருக்கு அது நியாயமும்கூட. ஆனால் 71,292 கோடி பத்திரத்தை எதிர்த்து யாரும் கொடி பிடித்ததாக எனக்கு நினைவில்லை. 5 ரூபாய் பங்க்கில் கண்ணுக்குத் தெரிந்தது. பத்திரம் யார் கண்ணிலும் படவில்லை.

மானியமே தவறு என்று நான் சொல்லவில்லை. 147 டாலர் விலையை அப்படியே இறக்கியிருந்தால் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்த வீடுகள் என்ன செய்திருக்கும்? காரைக்குடி-தேவகோட்டை பஸ்ஸில் வேலைக்குப் போனவர் என்ன செய்திருப்பார்? சில மாதம் தாங்கிப் பிடிக்கலாம் என்று ஓர் அரசு நினைத்தால் அதில் தப்பு காண மாட்டேன். ஆனால் தாங்கிப் பிடித்ததில் பெரிய கார் வைத்திருந்தவருக்கும் பங்கு போனது. அப்புறம் 2009-ல் தேர்தல் வந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

2010-11 பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி, எண்ணெய், உர நிறுவனங்களுக்கு இனிப் பத்திரம் கொடுப்பதைத் தவிர்ப்போம், பணமாகவே கொடுப்போம், எல்லா மானியச் சுமையும் நிதிக் கணக்குக்குள் வரட்டும் என்று அறிவித்தார். 2010 ஜூனில் பெட்ரோல் விலையை விட்டுவிட்டார்கள். டீசலை 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 பைசாவாக ஏற்றி, 2014 அக்டோபரில் மோடி அரசு முழுசாக விட்டது. பத்திரம் கொடுக்கும் பழக்கம் நின்றது. கொடுத்த பத்திரம் நின்றபடி இருந்தது.

பில் வந்த நாள்

என் ஆபீசில் உதவிக்கு இருக்கும் தம்பிக்கு வயசு 22. போன மாதம் இந்த அட்டவணையை அவனிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். 2021-22-ல் 10,000 கோடி அசல் திருப்பித் தந்தது. 2023-24-ல் 31,150 கோடி. 2024-25-ல் 52,860 கோடி. 2025-26-ல் 36,913 கோடி. வட்டி தனி: வருஷத்துக்கு ஏறக்குறைய 10,000 கோடி. 2014-15-லிருந்து 7 ஆண்டுகளில் மட்டும் 70,195 கோடி வட்டி போனதாக 2021-ல் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார்.

அவன் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அண்ணே, 2008-ல நான் யு.கே.ஜி. இதுக்கு நான் எதுக்கு கட்டணும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் பைக்கில் தினமும் புதுவயலிலிருந்து வருகிறான். லிட்டருக்குக் கொடுக்கும் கலால் வரியில் ஒரு துளி, 2008-ல் யாரோ ஒருவர் காரில் ஏற்றிய டீசலுக்குப் போனது. அவன் அதைக் கேட்டு வாங்கவில்லை. அந்தச் சபையில் அவனுக்காக ஓட்டுப் போட்டவர்களுக்கு அவன் ஓட்டுப் போட்டதும் இல்லை.

சரி, ஒரு துளி என்றேன், அது எவ்வளவு துளி என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 2021-ல் பெட்ரோல் விலை 100-ஐத் தாண்டியபோது, பழைய அரசின் பத்திரங்களால்தான் வரியைக் குறைக்க முடியவில்லை என்று ஆளும் தரப்பு சொன்னது. அது முழுக் கணக்கு ஆகாது. 2020-21-ல் பெட்ரோல், டீசல் மீது மத்திய கலால் வரியாக வந்தது 3.35 லட்சம் கோடி. அந்த வருஷம் எண்ணெய்ப் பத்திர வட்டி 10,000 கோடிக்குள். 2014-ல் பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த கலால் 2020-ல் 32 ரூபாயைத் தாண்டியதற்குப் பத்திரம் காரணம் ஆகாது. இன்னொன்று, 2008-09-ல் நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் 56 லட்சம் கோடி, 2024-25-ல் சுமார் 330 லட்சம் கோடி. நாடு வளர்ந்ததால் அந்தக் கடன் சுமப்பதற்கு லேசாகிவிட்டது. எண்ணெய்ப் பத்திரம் நாட்டை மூழ்கடித்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

என்னைத் தூங்கவிடாதது தொகை இல்லை. அந்த வழக்கம் அதோடு நிற்கவில்லை என்பதுதான்.

இரண்டாம் முறை

பத்திரத்தைக் குறை சொன்ன அரசே வேறு பெயரில் அதே காரியத்தைச் செய்தது. ரேஷன் அரிசி, கோதுமைக்கான மானியத்தை இந்திய உணவுக் கழகத்துக்கு மத்திய அரசு கொடுக்க வேண்டும். 2016-17-லிருந்து அதில் பெரும் பகுதியைக் கொடுக்காமல், தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னது. சிறுசேமிப்பு நிதி என்றால் நம் ஊர் தபால் ஆபீசில் ஆயாவும் அப்பத்தாவும் போட்டு வைக்கும் பணம்தான். கடன் உணவுக் கழகத்தின் பெயரில், கட்ட வேண்டியது அரசு. பற்றாக்குறைக் கணக்கில் ஏறவில்லை.

மத்திய தணிக்கைத் துறைத் தலைவர் 2019 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை இதைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டியது. பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கும் கடனை வெளிப்படையாகக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு கொள்கை வேண்டும் என்றது. எம்.பி.க்களின் மேஜையில் அது அச்சாகி வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அந்தக் கடனை ஒரே அடியாகக் கணக்குக்குள் இழுத்தார். அந்த ஆண்டு உணவு மானியத்துக்கு முதலில் ஒதுக்கியது 1.15 லட்சம் கோடி, திருத்திய மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடி. கொரோனாவில் இலவச தானியம் கொடுத்த செலவும் அதில் உண்டு. ஆனாலும் ஒளிந்திருந்த பாக்கி வெளியே வந்ததே பெரிசு. அப்படிச் செய்ததை நான் மதிக்கிறேன். 2010-ல் பிரணாப் செய்ததையும் மதிக்கிறேன். இரண்டு பேரும் வேறு வேறு கட்சி. இரண்டு முறையும் திருத்தியது அமைச்சர்தான். கேள்வி கேட்க வேண்டிய சபை அமைச்சருக்கு மனசு வரும்வரை காத்திருந்தது.

சபை என்ன செய்தது? 2003-ஆம் வருஷச் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டே வந்தது. 2012, 2015, 2018 என்று மூன்று முறை, மூன்றும் நிதிச் சட்டத்துக்குள் நுழைத்து. வருஷா வருஷம் பட்ஜெட்டோடு வரும் நிதிச் சட்டம் பண மசோதா. மாநிலங்களவை அதை மறுக்க முடியாது, 14 நாளில் திருப்பி அனுப்பிவிட வேண்டும். நாடாளுமன்றம் தன் கையைக் கட்டிக்கொண்ட சட்டத்தை அவிழ்க்கும்போது, அதன் ஓர் அவைக்கு உண்மையான குரலே இல்லை. 2018-ல், இந்தச் சட்டத்தை மறு ஆய்வு செய்த என்.கே. சிங் குழுவின் பரிந்துரையை ஒட்டி, மத்திய அரசின் கடனை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 40 சதவீதத்துக்குள், மத்திய மாநில அரசுகளின் மொத்தக் கடனை 60-க்குள் 2024-25-ல் கொண்டுவருவோம் என்று எழுதினார்கள். கொரோனாவில் பற்றாக்குறை 9.2 சதவீதம் போனது. அது யார் கையிலும் இல்லாத விஷயம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழு கேட்ட தன்னிச்சையான நிதிக் கவுன்சில், அரசின் எண்ணை வெளியிலிருந்து சரிபார்க்கும் ஓர் அமைப்பு, அமையவே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு 1974-லிருந்து அப்படி ஓர் அலுவலகம் இருக்கிறது. பிரிட்டன் 2010-ல் ஒன்று வைத்துக்கொண்டது.

2018-லும் 2023-லும் மக்களவையில் ஒரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகூட (அந்த அமைச்சகத்தின் செலவுக்கு அனுமதி கேட்பது) விவாதத்துக்கு வரவில்லை. மொத்தமாக ஒரே ஓட்டில் போனது. அமளி, ஒத்திவைப்பு, கடைசி நாளில் எல்லாம் சேர்த்து ஒரு குரல் வாக்கெடுப்பு. இரு தரப்பும் அமளிக்குப் பொறுப்பு. 2025-26 பட்ஜெட்டில் 50.65 லட்சம் கோடி செலவில் 12.76 லட்சம் கோடி வட்டிக்கே போகிறது. அரசு செலவழிக்கும் நாலு ரூபாயில் ஒரு ரூபாய், கடந்த காலத்துக்கான கட்டணம். அந்த ஒரு ரூபாயைப் பற்றிச் சபையில் பேச நேரமில்லை.

மொகல் தெருவும் மேலாளும்

எங்கள் ஊரைப் பெரிசாகச் சொல்ல வரவில்லை. பர்மாவில் செட்டியார்கள் கொடுத்த கடன் விவசாயியின் நிலத்தை விழுங்கியதும், 1930-களின் நெல் விலைச் சரிவில் கீழ்பர்மாவின் நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்கள் கைக்கு வந்ததும், பிறகு அத்தனையும் போனதும் வரலாறு. எங்கள் கணக்கு நேர்மையாக இருந்ததால் எங்கள் காரியமெல்லாம் நேர்மையாக இருந்தது என்று அர்த்தமில்லை. ஆனால் கணக்கு எழுதியதில் இரண்டு வழக்கங்களை நினைத்துப் பார்க்கிறேன்.

ரங்கூன் மொகல் தெருவில் இருந்த கோயிலில் செட்டியார்கள் மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். பெரிய பெட்டியும் சின்னப் பெட்டியும் (பெட்டி என்றால் வட்டிக்கடை) ஒரே இடத்தில் உட்கார்ந்து, எல்லார் காதிலும் விழும்படி ஓர் எண். அந்த மாதம் கடனின் விலை என்ன என்பது யாருக்கும் தெரியாமல் இருக்க வழியில்லை. இன்னொன்று, முதலாளிக்காக வெளிநாட்டில் கடையை நடத்தும் மேலாள் மூன்று வருஷத் தவணைக்குப் போவார். தவணை முடிந்து அடுத்த மேலாள் வரும்போது கணக்கு கைமாறும். எந்தக் கடன் வரும், எந்தக் கடன் வராது என்று பார்த்துப் பார்த்து வாங்கிக்கொள்வார். வராத கடனை மறைத்து வைத்துவிட்டுக் கப்பல் ஏறினால் அது ஊருக்கு வந்து அவர் பெயரைக் கெடுக்கும், கடைசியில் தர வேண்டிய லாபப் பங்கும் குறையும். ஓர் எம்.பி.யின் தவணை 5 வருஷம். அவர் கப்பல் ஏறும்போது கணக்கை எண்ணி வாங்கிக்கொள்ளும் ஆள் யார்?

புள்ளி வரியில் ஒரு வசதி உண்டு. கோயில் கூட்டத்தில் வரியை ஏற்ற வேண்டும் என்று பேசுகிறவரும் ஒரு புள்ளி, கட்டப்போகிறவரும் ஒரு புள்ளி. தன் மடியிலிருந்து போகிறது என்பதால் பேசும்போதே கணக்கு வருகிறது. நாடாளுமன்றத்தில் கடனுக்கு ஓட்டுப் போடுகிறவரும் அதைக் கட்டப்போகும் புதுவயல் தம்பியும் ஒரே ஆள் இல்லை. இந்த இடைவெளியை மூடுவதற்குத்தான் எம்.பி. என்ற பதவியே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இன்னும் ஓட்டு இல்லாதவருக்காகவும் அவர் அந்த நாற்காலியில் இருக்கிறார்.

அதை எப்படிச் செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய மாநில நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதி நிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் தலைமேல் 2,63,976 ரூபாய் கடன் என்று எழுதினார். 2013-14-லிருந்து மாநிலம் வருவாய்ப் பற்றாக்குறையிலேயே ஓடுகிறது என்றும் சொன்னார். முந்தைய ஆட்சியைக் குத்த எழுதியது என்று எதிர்த்தரப்பு சொன்னது. அரசியல் இல்லாமல் இருக்குமா? நாலு நாள் கழித்து அதே அமைச்சர் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு மாநில வரியில் 3 ரூபாய் குறைத்தார். அதே மூச்சில், இதனால் அரசுக்கு ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்று எண்ணையும் சொன்னார். அந்தக் குறைப்பு சரியா தப்பா என்று வாதாடலாம். ஆனால் சலுகையும் அதன் விலையும் ஒரே நாளில், ஒரே அவையில், ஒரே வாயிலிருந்து வந்தன. எண்ணெய்ப் பத்திரத்தில் 2005-லிருந்து நான் தேடுவது அந்த ஒன்றைத்தான்.

எங்கள் எம்.பி. யாராக இருந்தாலும் அவரிடம் நான் கேட்க நினைப்பது இரண்டு. நிதிப் பொறுப்புச் சட்டத்தில் கைவைக்கும் திருத்தம் இனி நிதிச் சட்டத்துக்குள் வரக் கூடாது, தனி மசோதாவாக வந்து இரு அவையிலும் ஓட்டெடுக்க வேண்டும் என்று ஒரு தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டுவருவது) கொண்டுவருவாரா? அரசு திருப்பித் தர வேண்டிய கடன் யார் பெயரில் இருந்தாலும், பற்றாக்குறை எண்ணுக்குப் பக்கத்திலேயே அதே எழுத்து அளவில் அச்சாக வேண்டும் என்று கேட்பாரா? இரண்டும் பணம் கேட்கும் காரியம் இல்லை. தொகுதி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த வீட்டுக் கூட்டம் பொங்கலுக்கு நடந்தது. 14 புள்ளியில் 9 பேர் நேரில், 5 பேர் வாட்ஸ்அப்பில். இரண்டாம் கட்டின் ஓடு மட்டும் மாற்றினால் போதும் என்ற இடத்தில், மழை இறங்கி உத்திரத்தில் கறையான் ஏறிவிட்டதால் தேக்குக் கட்டையும் மாற்ற வேண்டியிருக்கிறது. கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டுச் சிங்கப்பூரிலிருந்து ஒரு அண்ணன், "அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்றார். ஆச்சி போனை என்னிடமிருந்து வாங்கி, "அடுத்த வருஷம் நான் இருக்கேனோ இல்லையோ, நீ இருக்கியோ இல்லையோ, வீடு இருக்கும்ல" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்தோம்.

பிரித்து முடித்ததும் ஆச்சி புது நோட்டு ஒன்றை நீட்டினார். பிள்ளையார் சுழி போட்டு, இந்த வருஷச் செலவை எழுதிவிட்டு, அதன் கீழே என் தாத்தா எழுதிய அதே வார்த்தையில் இன்னொரு வரி எழுதினேன்: ஓடு மாற்ற வைப்பு, 14 புள்ளி.